அனுமதி கேட்கப்படாத விமானங்கள்: டியாகோ கார்சியா பற்றி பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகள், 2005–2019

இது ஒரு நாடாளுமன்றக் கேள்வியின் வரலாறு. அமெரிக்க உளவு அமைப்பு தான் பிடித்தவர்களை இரகசியமாக வேறு நாடுகளுக்குக் கொண்டுசென்ற விமானங்கள் பிரிட்டனின் ஆட்சிப் பகுதிகள் வழியாகச் சென்றனவா என்று 2005 இறுதியில் பிரிட்டனின் மக்களவையில் எழுப்பப்பட்ட கேள்விக்கு அரசு உறுதியான மறுப்பை விடையாக அளித்தது. அவ்விடை தவறு என்று இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே அரசு அதே அவையில் ஒப்புக்கொண்டது. இடையில் என்ன நடந்தது, கேட்டவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடிவெடுத்தார்கள், அவற்றில் எவை பயன் தந்தன என்பதைக் காலவரிசையில் இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் பொதுவாழ்வில் இருந்தவர்கள்தாம் என்றாலும், அவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். ஆராய வேண்டியது தனிமனிதர்களின் குணத்தை அல்ல, கேள்வியும் விடையும் அமைந்த முறையை.

பின்னணி

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, பயங்கரவாதத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்தவர்களை ஒரு நாட்டில் பிடித்து, எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிறுத்தாமல், விமானத்தில் வேறொரு நாட்டுக்குக் கொண்டுசென்று இரகசியச் சிறைகளிலோ அந்நாட்டு உளவுத்துறையின் கையிலோ ஒப்படைக்கும் திட்டத்தைப் பெரிய அளவில் நடத்தியது. ஆங்கிலத்தில் 'ரெண்டிஷன்' என்று சொல்லப்படும் இச்செயலை இக்கட்டுரையில் 'கடத்தி ஒப்படைத்தல்' என்றே குறிக்கிறேன். பிடிபட்டவர் போய்ச்சேர்ந்த இடத்தில் அவருக்குச் சித்திரவதை காத்திருந்தது என்பது பல வழக்குகளில் பின்னர் வெளிவந்தது.

இத்திட்டத்துக்கு விமானங்கள் வேண்டும். விமானங்களுக்கு எரிபொருள் நிரப்ப இடைநிறுத்தங்கள் வேண்டும். 2005 நவம்பரில் கிழக்கு ஐரோப்பாவில் சிஐஏயின் இரகசியச் சிறைகள் இருப்பதாக அமெரிக்க நாளேடு ஒன்று செய்தி வெளியிட்டதும், தங்கள் நாட்டு விமான நிலையங்களும் இந்தப் பயணங்களுக்குப் பயன்பட்டனவா என்ற கேள்வி ஐரோப்பிய நாடாளுமன்றங்கள் பலவற்றில் எழுந்தது. பிரிட்டனில் அக்கேள்விக்குக் கூடுதலாக ஓர் இடம் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த டியாகோ கார்சியா பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் 1966இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அங்கே இயங்கும் பெரும் இராணுவத் தளம் அமெரிக்காவுடையது. தீவுக் கூட்டத்தின் குடிமக்கள் 1968க்கும் 1973க்கும் இடையில் முழுவதுமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். அங்கே இறங்கும் விமானத்தைப் பார்த்துச் சொல்ல ஊர்மக்கள் இல்லை, செய்தியாளர்கள் இல்லை. (2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்களின் படகு ஒன்று இத்தீவை வந்தடைந்த பிறகு, வெளியுலகின் கண்ணுக்கு எட்டாத இத்தன்மையைத் தமிழ் வாசகர்கள் வேறொரு வகையில் அறிந்தார்கள்.)

முதல் கேள்விகளும் முதல் விடைகளும்

2005 டிசம்பரில் இரண்டு வழிகளில் கேள்விகள் தொடங்கின. ஒன்று, உறுப்பினர்கள் அமைச்சருக்கு அளித்த எழுத்துவழிக் கேள்விகள். மற்றொன்று, மக்களவையின் வெளியுறவுத் தெரிவுக்குழு (அத்துறையைக் கண்காணிக்கும் உறுப்பினர் குழு) வெளியுறவு அமைச்சரை நேரில் அழைத்துக் கேட்டது. இதே மாதத்தில், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் தலைமையில் கடத்தி ஒப்படைத்தல் தொடர்பான அனைத்துக் கட்சிக் குழு ஒன்றும் உருவானது. இத்தகைய குழுக்களுக்குச் சாட்சியை வரவழைக்கும் அதிகாரமோ ஆவணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையோ கிடையாது. தொடர்ந்து கேட்பதற்கு ஓர் அமைப்பும் ஒரு முகவரியும் கிடைத்தன, அவ்வளவுதான்.

அமைச்சர் தெரிவுக்குழுவின் முன் அளித்த விடை, பணிவான மறுப்பாக இருக்கவில்லை. அதிகாரிகளும் தானும் பொய் சொல்கிறோம் என்றும், இதன் பின்னால் ஏதோ ஓர் இரகசிய அரசு இயங்குகிறது என்றும் சதிக் கதைகளை நம்பினாலொழிய, பிரிட்டன் இதில் ஈடுபட்டது என்ற குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று அவர் சொன்னார். எழுத்துவழி விடை இதைவிட மிக நிதானமானது: 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, பிரிட்டனின் நிலப்பரப்பு வழியாகவோ வான்வழியாகவோ ஒருவரைக் கடத்தி ஒப்படைக்க அமெரிக்க அரசு அனுமதி கேட்ட எந்த நிகழ்வையும் அதிகாரிகளின் கவனமான தேடலில் கண்டறிய இயலவில்லை என்றும், வேறு வழியிலும் அப்படியொன்று நடந்ததாகத் தாங்கள் அறியவில்லை என்றும் அது கூறியது.

2006 ஜனவரியில், வெளியுறவு அமைச்சகத்திலிருந்து பிரதமர் அலுவலகத்துக்கு முந்தைய மாதம் சென்ற குறிப்பு ஒன்று கசிந்து வார இதழ் ஒன்றில் வெளியானது. விவரங்களுக்குள் இழுக்கப்படுவதைத் தவிர்த்து விவாதத்தை நகர்த்திச் செல்ல முயல வேண்டும் என்பது அதில் இருந்த ஆலோசனை. அமைச்சகம் பொய் சொல்லத் திட்டமிட்டது என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் விவரத்தைத் தேடிப் போவது விடை தயாரித்தவர்களின் நோக்கமாக இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விடைக்குள் இருந்த இடைவெளி

இந்நிகழ்வில் கற்க வேண்டியது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுவதால், அவ்விடையின் சொற்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

'அனுமதி கேட்ட நிகழ்வு எதுவும் இல்லை' என்பது உண்மையாக இருந்திருக்கக்கூடிய வாக்கியம். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை பன்னாட்டு வான்பயணத்தின் அடிப்படைச் சட்டம். அதன்படி ஓர் அரசின் இராணுவ விமானமோ காவல்துறை விமானமோ இன்னொரு நாட்டின் வான்வெளிக்குள் நுழைய முன் அனுமதி பெற வேண்டும். ஆனால் கால அட்டவணையில் இல்லாத தனியார் விமானம், பயணிகளை ஏற்றாமலும் இறக்காமலும் எரிபொருளுக்காக இறங்கிச் செல்ல, பொதுவாக முன் அனுமதி பெற வேண்டியதில்லை. சிஐஏ பயன்படுத்திய விமானங்கள் பல, தனியார் நிறுவனங்களின் பெயரில் பதிவானவை. தனியார் விமானமாக வந்து போனவற்றுக்கு அனுமதிக் கோரிக்கையே தேவைப்படவில்லை. எனவே கோரிக்கைகளின் கோப்பைப் புரட்டியவர்களுக்கு எதுவும் கிடைக்காததில் வியப்பில்லை. வராத கடிதத்தைத் தேடிவிட்டு, வந்த விருந்தாளி யாருமில்லை என்று சொன்னதற்கு ஒப்பானது அது.

அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு வாக்கியமும் இருந்தது. சித்திரவதைக்கு ஆளாகும் உண்மையான அபாயம் இருப்பதாக நம்புவதற்கு வலுவான காரணங்கள் உள்ள இடங்களுக்கு ஒருவரை பிரிட்டன் வழியாகக் கொண்டுசெல்ல உதவும் கொள்கைக்கு நாங்கள் ஒப்புதல் அளித்ததில்லை, அளிக்கவும் மாட்டோம் என்பது அது. கொள்கைக்கு ஒப்புதல் அளிக்கவில்லை என்பது நிகழ்வு நடக்கவில்லை என்பதாகாது. வலுவான காரணங்கள் இருந்ததாக யார், எதை வைத்து முடிவு செய்வது என்பது அதில் இல்லை. ஒருவரை ஒப்படைத்துவிட்டு வெறும் விமானமாகத் திரும்பும் வழியில் எரிபொருள் நிரப்பிக்கொள்வது இதில் அடங்குமா என்பதும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் வழக்கறிஞர்களின் கவனத்தோடு வைக்கப்பட்டிருந்தது. கேட்பவரும் அதே கவனத்தோடு படித்தாலன்றி, அது முழு மறுப்பாகவே காதில் விழும்.

டியாகோ கார்சியாவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் எளிது. அது இராணுவத் தளம். அங்கே என்ன நடந்தது என்பதற்கு பிரிட்டன் அரசு சார்ந்திருந்தது அமெரிக்காவின் உறுதிமொழியை. யார்மீது குற்றச்சாட்டோ, அவரிடமே கேட்டு, அவர் சொன்னதை அவையில் தன் விடையாக வைத்தது அரசு.

கேட்டவர்கள் எடுத்த முடிவுகள்

அனைத்துக் கட்சிக் குழுவின் முன் அப்போது இரண்டு வழிகள் இருந்தன. அரசு பொய் சொல்கிறது என்று பொதுவெளியில் குற்றஞ்சாட்டுவது ஒன்று. விடையின் அடிப்படையைத் துருவுவது மற்றொன்று. முதல் வழி ஒருநாள் தலைப்புச் செய்தியோடு முடிந்திருக்கும். ஆதாரம் இல்லாத நிலையில் அமைச்சரின் 'சதிக் கதை' என்ற சொல்லுக்கும் அது வலுச் சேர்த்திருக்கும். குழு பெரும்பாலும் இரண்டாவது வழியில் சென்றது. எழுத்துவழிக் கேள்விகள், அமைச்சர்களுக்கும் துறைகளுக்கும் கடிதங்கள், 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கோரிக்கைகள் என்று பல கதவுகளை ஒரே நேரத்தில் தட்டியது.

இதே காலத்தில், மனித உரிமைக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பா மன்றத்தின் விசாரணையாளர் 2006 ஜூனிலும் 2007 ஜூனிலும் அறிக்கைகளை வெளியிட்டார். ஐரோப்பிய நாடாளுமன்றம் தற்காலிகக் குழு அமைத்து 2007 பிப்ரவரியில் தன் முடிவுகளை ஏற்றது. விமானங்களின் பதிவு எண்களும் பயணத்தடங்களும் இவற்றின் வழியாகவும் செய்தியாளர்களின் உழைப்பாலும் பொதுவெளிக்கு வந்தன. இதனால் கேள்விகளின் தன்மை மாற முடிந்தது. 'இப்படி நடந்ததா' என்று கேட்டால் 'ஆதாரம் இல்லை' என்பது விடையாகிவிடும். 'இந்த எண் கொண்ட விமானம் இந்த நாளில் இங்கே இறங்கியதா' என்று கேட்டால் யாரோ ஒருவர் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும்.

ஆனாலும் 2007 ஜூலையில் ஒரு பின்னடைவு ஏற்பட்டது. உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் உளவு மற்றும் பாதுகாப்புக் குழு, இரகசிய ஆவணங்களைப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றது, கடத்தி ஒப்படைத்தல் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 1998ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகளைத் தவிர, இத்தகைய அமெரிக்க விமானங்கள் பிரிட்டனின் வான்வெளியைப் பயன்படுத்தியதற்குச் சான்று எதையும் தாங்கள் காணவில்லை என்று அது சொன்னது. அரசின் விடைக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பமே கிடைத்துவிட்டது போலாயிற்று. குழுவினர் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அரசு வைத்திருந்ததை மட்டுமே அவர்களால் பார்க்க முடியும். அரசோ, நட்பு நாடு சொன்னதைத் தாண்டிப் போகவில்லை. இந்தக் கட்டத்தில் கேள்வியை விட்டுவிடாமல் தொடர்வது என்ற முடிவே இந்நிகழ்வின் மிக முக்கியமான முடிவு என்பது என் மதிப்பீடு.

2008 பிப்ரவரி 21

அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று அமெரிக்க அரசு பிரிட்டனுக்குப் புதிய தகவலைத் தெரிவித்தது. ஆறு நாட்களுக்குப் பிறகு, அப்போது பதவியிலிருந்த வெளியுறவு அமைச்சர் (2005இல் விடையளித்தவர் அல்லர்) மக்களவையில் அறிக்கை படித்தார். டியாகோ கார்சியா கடத்தி ஒப்படைக்கும் பயணங்களுக்குப் பயன்படவில்லை என்ற முந்தைய வெளிப்படையான உறுதிமொழிகளுக்கு மாறாக, 2002இல் இரண்டு முறை அது நடந்திருக்கிறது, ஒவ்வொரு விமானத்திலும் ஒரு கைதி இருந்தார், எரிபொருள் நிரப்பப்பட்டது, கைதிகள் விமானத்தைவிட்டு இறங்கவில்லை, முன்பு செய்த ஆவணத் தேடலில் நேர்ந்த பிழையால் இது வெளிவரவில்லை என்று அமெரிக்கா கூறுகிறது. இவ்வளவையும் சொல்லி, அவையில் முன்பு சொன்னவை தவறாகிப் போனதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். கைதிகளில் ஒருவர் அப்போது கியூபாவிலுள்ள அமெரிக்கத் தடுப்பு முகாமான குவாண்டனாமோவில் இருந்தார், மற்றவர் விடுவிக்கப்பட்டிருந்தார். பெயர்கள் சொல்லப்படவில்லை.

அவைக்குத் தவறான தகவல் அளிக்கப்பட்டிருந்தால் அமைச்சர் அதை முதல் வாய்ப்பிலேயே திருத்த வேண்டும் என்ற கடமையை மக்களவை 1997 மார்ச்சில் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறது. ஈராக்குக்கு ஆயுதத் தளவாடங்கள் விற்கப்பட்டது பற்றி உறுப்பினர்களின் கேள்விகளுக்குத் தவறான விடைகள் தரப்பட்டதை 1996இல் நீதிபதி ஒருவரின் விசாரணை அம்பலப்படுத்தியதன் விளைவு அத்தீர்மானம். 2008இல் அக்கடமை நிறைவேற்றப்பட்டது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அமைச்சர் கடிதத்தில் ஒளிக்காமல், வாரக்கடைசியின் எழுத்துவழி அறிவிப்பில் புதைக்காமல், எழுந்து நின்று சொன்னார். துணைக் கேள்விகளை எதிர்கொண்டார்.

திருத்தத்துக்குப் பிறகு

அடுத்து அரசு எடுத்த முடிவு, சந்தேகத்துக்குரிய எல்லா விமானப் பயணங்களையும் பட்டியலிட்டு அமெரிக்காவுக்கு அனுப்புவது. 391 பயணங்கள் கொண்ட பட்டியல் போனது. 2008 ஜூலை 3 அன்று விடை அவைக்கு வந்தது: ஏற்கெனவே சொன்ன இரண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று அமெரிக்கா உறுதியளிக்கிறது. உறுதிமொழி பொய்த்ததன் பின்னும் தீர்வாகக் கிடைத்தது இன்னோர் உறுதிமொழியே.

வெளியுறவுத் தெரிவுக்குழு இதை எளிதில் விடவில்லை. அந்த ஜூலையில் அது வெளியிட்ட அறிக்கைகளில், முந்தைய உறுதிமொழிகள் பொய்யாகிப் போனது கண்டிக்கத்தக்கது என்று எழுதியது; சித்திரவதை என்றால் என்ன என்பதிலேயே இரு நாடுகளும் வேறுபடுவதால், தான் சித்திரவதை செய்வதில்லை என்று அமெரிக்கா சொல்வதை பிரிட்டன் இனி நம்பியிருக்க முடியாது என்றும் எழுதியது. நெருங்கிய நட்பு நாட்டைப் பற்றி ஆளுங்கட்சியினரே பெரும்பான்மையாக இருந்த ஒரு குழு இப்படி எழுதியது சிறிய செயல் அல்ல.

2009 பிப்ரவரி 26 அன்று பாதுகாப்பு அமைச்சரின் முறை வந்தது. 2004 பிப்ரவரியில் ஈராக்கில் பிரிட்டன் படைகள் பிடித்த இருவர் அமெரிக்கர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்றும், இது பற்றி அவைக்கு முன்பு தரப்பட்ட தகவல்கள் தவறு என்றும் அவர் ஒப்புக்கொண்டார். இதைச் சுருக்கமாகக் குறிப்பிடும் வரிகள் 2006 ஏப்ரலில் அமைச்சர்களுக்குச் சென்ற நீண்ட கோப்புகளுக்குள் இருந்தன என்பதும் அப்போது வெளிவந்தது. இந்த இரண்டாவது திருத்தம் முதலாவதைவிட எனக்குக் கவலை அளிப்பது. இங்கே தகவல் வெளிநாட்டின் கையில் இல்லை, சொந்த அமைச்சகத்தின் கோப்பில் இருந்தது.

அவைக்கு வெளியே வந்தவை

கேள்விகளால் எட்ட முடியாதவை எவ்வளவு என்பதைப் பிந்தைய நிகழ்வுகள் காட்டின. 2011இல் லிபிய ஆட்சி வீழ்ந்தபோது, திரிப்போலியில் உளவுத்துறைத் தலைவரின் அலுவலகத்தில் கிடைத்த காகிதங்கள், 2004இல் ஒரு லிபிய எதிர்ப்பாளரும் கருவுற்றிருந்த அவர் மனைவியும் பாங்காக்கிலிருந்து லிபியாவுக்குக் கடத்தி ஒப்படைக்கப்பட்டதில் பிரிட்டன் உளவுத்துறைக்குப் பங்கு இருந்ததைக் காட்டின. 2018 மே 10 அன்று பிரதமரின் மன்னிப்புக் கடிதத்தை அரசின் தலைமை வழக்கறிஞர் மக்களவையில் படித்தபோது, அந்தப் பெண் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தார்.

அடுத்த மாதம், 2018 ஜூன் 28 அன்று, உளவு மற்றும் பாதுகாப்புக் குழு தன் புதிய அறிக்கைகளை வெளியிட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன்பைவிடக் கூடுதல் அதிகாரம் அளித்திருந்தது. கண்டறிந்தவையும் அதற்கேற்ப இருந்தன. 28 நிகழ்வுகளில் பிரிட்டன் உளவு அமைப்புகள் பிறர் நடத்திய கடத்தலைப் பரிந்துரைத்தோ திட்டமிட்டோ ஒப்புக்கொண்டோ இருந்தன. 3இல் செலவுக்குப் பணம் தந்தன அல்லது தர முன்வந்தன. கைதி மோசமாக நடத்தப்படுவதை அறிந்தோ சந்தேகித்தோ இருந்தும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வெளிநாட்டு அமைப்புகளுக்கு அனுப்பியது 232 நிகழ்வுகளில். பதினொரு ஆண்டுகளுக்கு முன் 'சான்று காணவில்லை' என்று எழுதிய அதே குழு இது. ஆயினும் களத்தில் இருந்த அதிகாரிகளை விசாரிக்க அரசு இடம் தராததால், விசாரணையை முழுமையாக்காமலே முடித்துக்கொள்வதாக அது பதிவு செய்தது. நீதிபதி தலைமையில் முழு விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை 2019 ஜூலையில் அரசு நிராகரித்தது. அதிகாரிகளுக்கான வழிகாட்டு நெறிகள் திருத்தப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன.

அனைத்துக் கட்சிக் குழு அமெரிக்க நீதிமன்றத்திலும் ஒரு முயற்சி செய்தது. அந்நாட்டுத் தகவல் சுதந்திரச் சட்டப்படி உளவு அமைப்புகளின் ஆவணங்களைக் கேட்ட அக்குழுவை, வெளிநாட்டு அரசின் அங்கம் என்று கருதி 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. சொந்த அவையில் அரசை எதிர்த்துக் கேள்வி கேட்டவர்கள், அடுத்த நாட்டில் அந்த அரசாகவே எண்ணப்பட்டார்கள்.

எதை மாற்றிச் செய்யலாம்

முதலாவது, கேள்வியின் வடிவம். வெளியுறவிலும் மனித உரிமையிலும் 'நடந்ததா' என்ற கேள்விக்கு முன்னால் 'எப்படித் தெரியும்' என்ற கேள்வி வர வேண்டும். எந்தப் பதிவேடுகள் தேடப்பட்டன, எந்தக் காலத்துக்கு, யார் தேடினார்கள், வெளிநாட்டு அரசிடம் எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது, அது எந்தச் சொற்களில் விடையளித்தது, அக்கடிதத்தை அவையின் நூலகத்தில் வைப்பீர்களா: இவை 2005 டிசம்பரிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்பட்டிருந்தால், தேடல் எவ்வளவு குறுகியது என்பது அப்போதே தெரிந்திருக்கும். விடையளிக்க மறுப்பதும் ஒரு தகவல்தான்; நடைமுறையைப் பற்றிய கேள்விக்கு உளவு இரகசியம் என்ற காரணத்தைச் சொல்வது, நிகழ்வைப் பற்றிய கேள்விக்குச் சொல்வதைவிடக் கடினம்.

இரண்டாவது, மேற்பார்வைக் குழு எழுதும் 'சான்று காணவில்லை' என்ற வாக்கியத்தோடு, தான் பார்க்க முடியாதவற்றின் பட்டியலும் சேர்ந்தே வர வேண்டும். 2018 அறிக்கை அதைச் செய்தது. 2007 அறிக்கையிலும் அது அழுத்தமாக இருந்திருந்தால், இடைப்பட்ட மாதங்களில் கேள்வி கேட்டவர்களின் கை தாழ்ந்திருக்காது.

மூன்றாவது, ஆவணங்களைக் காப்பது. இதற்கான காரணம் மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2014 ஜூலையில், டியாகோ கார்சியாவின் விமானப் பதிவுகள் பற்றி அனைத்துக் கட்சிக் குழுவின் தலைவர் கேட்ட எழுத்துவழிக் கேள்விக்கு வெளியுறவுத் துறையின் இளநிலை அமைச்சர் விடையளித்தார்: அன்றாட நிகழ்வுக் குறிப்பேடுகள் 2003 முதல் உள்ளன, 2002க்குச் சில குறிப்புகளே உண்டு, அவையும் தண்ணீரால் சேதமடைந்து முழுமையற்றவை. ஒரு வாரம் கழித்து அவ்விடை திருத்தப்பட்டது. முந்தைய மாதம் பெய்த கடும் மழையில் நனைந்த காகிதங்கள் உலர்த்தப்பட்டுவிட்டன, விமானப் பதிவுகள் எவையும் அழியவில்லை என்றது புதிய விடை. கைதிகளோடு விமானங்கள் இறங்கியதாக அரசே ஒப்புக்கொண்ட ஆண்டு 2002. 2008இல் 391 பயணங்களின் பட்டியலை வாஷிங்டனுக்கு அனுப்பியபோதே, தீவின் பதிவேடுகளை அப்படியே லண்டனுக்கு வரவழைத்து ஒரு தெரிவுக்குழுவின் கையில் கொடுக்கும்படி அவை கேட்டிருக்கலாம். அந்த மழைக்கு அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.